தோள்பையும் சிறுபொருளும்: மலேசியாவில் சிக்கனப் பயணம்

பொருளீட்டுவதற்காகக் கடல் கடப்பது நம் மக்களுக்குப் புதிதன்று. 'சபர்' போதல் என்னும் வழக்கும், 'சபுராளி' என்னும் பெயரும் நம் கடற்கரை ஊர்களில் வீட்டுக்கு வீடு கேட்கக்கூடியன. மரக்கலம் ஏறிப் பினாங்கிலும் மலாக்காவிலும் வாணிகம் செய்தோர் ஒரு தலைமுறை. நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறியோர் அடுத்த தலைமுறை. 1985 இல் 'சிதம்பரம்' கப்பல் தீ விபத்துக்குள்ளாகி அவ்வழிக் கப்பல் போக்குவரத்து நின்றபின் விமானம் ஏறியோர் அதற்கும் அடுத்த தலைமுறை. ஆயினும் இவருள் பெரும்பாலோர் அந்நாட்டைக் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்றே கண்டனர் என்பது உண்மை. பதினைந்தாண்டு பினாங்கில் உழைத்தும் பினாங்கு மலையின் உச்சியை மிதியாமல் ஊர் திரும்பிய பெரியவர்கள் நம்மிடையே உள்ளனர். ஒரு நாட்டைக் காண்பதற்கென்றே செல்வது செல்வர்க்கு மட்டும் உரியது என்னும் எண்ணம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. அவ்வெண்ணம் இக்காலத்துக்குப் பொருந்துமா என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேலைநாட்டு இளைஞர்கள் தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் சுற்றுவதை நாம் மாமல்லபுரத்திலும் மதுரையிலும் கண்டிருக்கிறோம். தங்குவதற்குத் தனியறை தேடாமல் பலர் தங்கும் கூடத்தில் ஒரு படுக்கையை மட்டும் எடுத்துக்கொள்ளுதல், வாடகை ஊர்தியைத் தவிர்த்துப் பேருந்தில் செல்லுதல், உள்ளூர் மக்கள் உண்ணும் கடையிலேயே உண்ணுதல், சுமையைத் தானே தூக்கக்கூடிய அளவுக்குள் அடக்குதல் ஆகிய இவையே அப்பயண முறையின் அடிப்படை. இம்முறையை முதன்முதலில் கையாளும் தமிழ் மாணவருக்கும் இளம் ஆசிரியருக்கும் மலேசியாவைக் காட்டிலும் எளிய நாடு வேறில்லை என்பது நம் கருத்து. திருச்சிராப்பள்ளியிலிருந்து நான்கு மணி நேரத்திற்குள் கோலாலம்பூர் சேரலாம். அங்கே தமிழ் வழங்குகிறது. தமிழ்ப் பள்ளிகளும் தமிழ் நாளிதழ்களும் உள்ளன. உணவு நமக்குப் பழகியது. விலைவாசி சிங்கப்பூரைப் போல் அச்சுறுத்துவதன்று.

கணக்கு இதுதான். படுக்கைக்கு நாளொன்றுக்கு 40 ரிங்கிட், உணவுக்கு 35, போக்குவரத்துக்குச் சராசரி 20, நுழைவுக் கட்டணம் முதலிய சில்லறைச் செலவுகளுக்கு 15 என வைத்துக்கொண்டால் 110 ரிங்கிட் ஆகும். பத்து நாளைக்கு 1,100 ரிங்கிட். ஒரு ரிங்கிட்டின் மதிப்பு அண்மைக் காலத்தில் இருபது ரூபாயை ஒட்டி ஏறியும் இறங்கியும் வருவதால், இத்தொகையை இருபத்திரண்டாயிரம் முதல் இருபத்தைந்தாயிரம் ரூபாய் எனக் கொள்ளலாம். விமானக் கட்டணம் இதன் புறத்தே நிற்பது. இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்னரே, வார நடுவில் புறப்படும் விமானமாகப் பார்த்துப் பதிவு செய்தால், போய்வரப் பதினைந்தாயிரம் முதல் இருபதாயிரம் ரூபாய்க்குள் அடங்குவதுண்டு. ஆக, நாற்பத்தைந்தாயிரம் ரூபாய்க்குள் பத்து நாள் பயணம் முடிந்துவிடும். இது சிறுதொகை என்று நாம் கூற மாட்டோம். ஆனால் இன்று ஒரு கல்லூரி மாணவர் கையில் வைத்திருக்கும் தொலைபேசியின் விலையும் பல வேளைகளில் இதற்குக் குறைந்ததன்று.

புறப்படுமுன்

கடவுச்சீட்டு, மலேசியாவில் நுழையும் நாளிலிருந்து இன்னும் ஆறு மாதங்களேனும் செல்லுபடியாவதாக இருத்தல் வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் குடிமக்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் நுழைய மலேசிய அரசு இசைவளித்தது. பின்னர் அவ்விசைவு 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. இத்தகைய விதிகள் அறிவிப்பால் வந்து அறிவிப்பால் மாறுவன. ஆதலின் பயணச்சீட்டு வாங்கும் நாளில் ஒருமுறையும், புறப்படும் வாரத்தில் மறுமுறையும் அதிகாரபூர்வ அறிவிப்பைப் பார்த்தல் நன்று.

விசா வேண்டாம் என்றால் கேள்வியே இல்லை என்பது பொருளன்று. குடிநுழைவு அதிகாரி திரும்பும் பயணச்சீட்டைக் கேட்கலாம். தங்குமிடம் எது என்று கேட்கலாம். செலவுக்குப் பணம் உள்ளதா என்று கேட்கலாம். விடை திருப்தியளிக்காவிடில் அடுத்த விமானத்திலேயே திருப்பி அனுப்பும் உரிமை அவருக்கு உண்டு. திருச்சி விமானங்களில் வேலை தேடிச் சுற்றுலாப் பெயரில் செல்வோர் பலர் இருந்தமையால், தனியே வரும் தமிழ் இளைஞரை அவர்கள் கூர்ந்து நோக்குவது இயல்பே. அதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. திரும்பும் சீட்டு, முதல் மூன்று நாட்களுக்கான தங்குமிடப் பதிவு, எந்த நாள் எந்த ஊர் என்று எழுதிய ஒரு தாள், கல்லூரி அடையாள அட்டை ஆகியவற்றை அச்சிட்ட படிகளாகக் கையில் வைத்திருந்தால் இரண்டு நிமிடத்தில் வேலை முடியும். தொலைபேசித் திரையில் காட்டிக்கொள்ளலாம் என்று இருப்போர், மின்னேற்றம் தீர்ந்த வேளையில் திகைப்பர்.

2024 ஜனவரி முதல் வெளிநாட்டவர் தம் வருகை விவரங்களை மின்னணு வருகை அட்டையில் முன்கூட்டியே பதிவு செய்தல் வேண்டும். வந்திறங்குவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் இதனைச் செய்தல் விதி. இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இணையதளம் எதுவாயினும் அது மலேசியக் குடிநுழைவுத் துறையினுடையது அன்று என்று அறிந்து விலகுக.

பழைய கடவுச்சீட்டு வைத்திருக்கும் பெரியோர்க்கு ஒரு குறிப்பு. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் கடவுச்சீட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்னும் முத்திரை இருக்கும். அவ்வனுமதி தேவைப்படும் நாடுகளின் பட்டியலில் மலேசியாவும் ஒன்று. வேலைக்குச் செல்வோர்க்கே அவ்வனுமதி. சுற்றுலாவுக்குச் செல்வோர்க்கு அன்று. எனினும் நம் நாட்டு விமான நிலையத்திலேயே கேள்விகள் கூடுதலாக எழும் என்பதால் அவர்கள் ஆவணங்களை இன்னும் செம்மையாக வைத்துக்கொள்வது நலம்.

பணத்தை மூன்றாகப் பிரித்துக் கொண்டு செல்லுமாறு நாம் கூறுவோம். முதல் இரண்டு நாள் செலவுக்குரிய ரிங்கிட்டை ஊரிலேயே அங்கீகாரம் பெற்ற நாணய மாற்றுநரிடம் வாங்கிக்கொள்க. மிகுதியில் ஒரு பகுதியை அட்டையில் வைக்க. 2020 ஆம் ஆண்டு முதல் ரிசர்வ் வங்கியின் விதிப்படி அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்து தரப்படுகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே வங்கிச் செயலியில் திறந்துகொள்ளுதல் வேண்டும். இதனை மறந்து கோலாலம்பூரில் பணப்பொறியின் முன் நின்று தவிப்பவர் ஆண்டுதோறும் உண்டு. மற்றொரு பகுதியை இந்திய ரூபாயாகவே கொண்டு செல்லலாம். இருபத்தைந்தாயிரம் ரூபாய் வரை எடுத்துச் செல்ல நம் நாட்டு விதி இடம் தருகிறது. கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா வீதியிலும் பினாங்கில் குட்டி இந்தியாவிலும் உள்ள நாணய மாற்றுக் கடைகளில் ரூபாய்த் தாளை வாங்கிக்கொள்வர். இத்தொழிலில் நம்மவர் தலைமுறை தலைமுறையாக ஈடுபட்டு வந்துள்ளனர். விமான நிலையத்தில் மாற்றினால் நட்டமே மிஞ்சும். கடைக்குக் கடை விலை வேறுபடும் என்பதால் மூன்று கடைகளில் கேட்டபின் மாற்றுதல் வேண்டும்.

பயணக் காப்பீட்டை மட்டும் விட்டுவிடலாகாது. பத்து நாளைக்குச் சில நூறு ரூபாயே ஆகும். அந்நாட்டு அரசு மருத்துவமனைகளில் வெளிநாட்டவர்க்குக் கட்டணம் வேறு, குடிமக்களுக்குக் கட்டணம் வேறு. கால் முறிந்தால் மொத்தப் பயணச் செலவைப் போல் பன்மடங்கு போய்விடும். இதில் சேமிக்க நினைப்பது சிக்கனத்தில் சேராது.

பையின் எடை

குறைந்த கட்டண விமானங்களில் கட்டணமின்றி எடுத்துச் செல்லக்கூடிய கைச்சுமை பொதுவாக ஏழு கிலோ. அதற்கு மேற்பட்டால் தனிக்கட்டணம்; அதுவும் விமான நிலையத்தில் கட்டினால் முன்பதிவில் கட்டுவதைவிடப் பெரிதும் கூடுதல். ஆகவே ஏழு கிலோவே நம் எல்லை. மூன்று மாற்றுடை போதும். வெப்பமும் ஈரமும் மிக்க நாடாதலால் மெல்லிய பருத்தியாடை ஏற்றது. ஒரு கைலி அவசியம் வேண்டும்: படுக்கை விரிப்பாக, போர்வையாக, துவாலையாக, தொழுகை விரிப்பாக அது ஒன்றே பயன்படும். மலாய் மக்களும் கைலி கட்டுவோரே ஆதலால் அதனை அணிந்து வெளியே நடந்தாலும் எவரும் வியந்து பாரார்.

சிலர் அறியாத ஒன்று: அந்நாட்டு மின்செருகிகள் சதுர வடிவான மூன்று முனைகளை உடையவை. நம் வட்ட முனைகள் அவற்றுள் பொருந்தா. மாற்றுச் செருகி ஒன்றை இங்கேயே வாங்கிக்கொள்க. கூட்டுப் படுக்கை விடுதிகளில் பொருள் வைக்கும் பெட்டி தருவர். பூட்டு நம்முடையதாக இருத்தல் வேண்டும். இரவுப் பேருந்துகளின் குளிரூட்டம் கடுமையானது; பழகாதவர் நடுங்கிப்போவர். ஒரு சால்வையும் குல்லாவும் அதற்கு மருந்து. குடை இன்றியமையாதது. பிற்பகல் மழை அங்கு எந்த மாதத்திலும் வரும்.

பருவம் பற்றி ஒரு சொல். நவம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழை பெய்யும். பெர்ஹெந்தியான், ரெடாங் முதலிய தீவுகளில் விடுதிகள் மூடப்பட்டுப் படகுகளும் நின்றுவிடும். மேற்குக் கரையில் அத்துணைக் கடுமை இல்லை. நோன்புப் பெருநாளை ஒட்டியும் சீனப் புத்தாண்டை ஒட்டியும் நாடு முழுவதும் சொந்த ஊர் நோக்கி நகரும். பேருந்தில் இடம் கிடைக்காது, கட்டணம் ஏறும், கடைகள் பல அடைத்திருக்கும். பெருநாள் காட்சியைக் காண விரும்புவோர் தவிர மற்றையோர் அவ்வாரங்களை விலக்குக. கெடா, கிளாந்தான், திரங்கானு மாநிலங்களில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதையும் நினைவிற் கொள்க.

இறங்கியபின்

குறைந்த கட்டண விமானங்கள் கோலாலம்பூர் பன்னாட்டு நிலையத்தின் இரண்டாம் முனையத்தில் இறங்கும். அங்கிருந்து நகரின் மையமான கே.எல். சென்ட்ரலுக்கு விரைவு இரயிலில் அரை மணி நேரத்தில் சேரலாம். கட்டணம் 55 ரிங்கிட். அதே இடத்துக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம். கட்டணம் 15 ரிங்கிட் அளவில். அரை மணி நேரத்துக்காக ஒரு நாள் உணவுச் செலவுக்கு மேற்பட்ட தொகையை இழப்பதா என்பதைப் பயணி முடிவு செய்துகொள்ளட்டும். இந்திய நேரத்தைவிட அங்கு இரண்டரை மணி நேரம் முந்தியது என்பதால் கடிகாரத்தைத் திருத்திக்கொள்க. பேருந்தைத் தவறவிடுவோரில் பாதிப்பேர் இதனாலேயே தவறவிடுகின்றனர் என்று சொன்னால் மிகையாகலாம், ஆனால் பெரும்பிழையாகாது.

'டச் அண்ட் கோ' என்னும் கட்டண அட்டை ஒன்றை முதல் நாளே வாங்கிக்கொள்ளல் வேண்டும். நகர இரயில்களிலும் பேருந்துகளிலும் அதுவே நாணயம். தலைநகரப் பேருந்துகளில் ரொக்கம் செல்லாது. பேருந்து செல்லாத இடங்களுக்குக் 'கிராப்' செயலி வழி வாடகை ஊர்தி அழைத்தல் நேர்மையான வழி. கட்டணம் முன்னரே தெரிந்துவிடும். தெருவில் நிற்கும் வாடகை ஊர்தியோடு பேரம் பேசுவது நேரத்துக்கும் மனத்துக்கும் கேடு. தொலைபேசிக்கு உள்ளூர் இணைப்பைக் கடவுச்சீட்டைக் காட்டி வாங்கலாம்.

வெளியூர்ப் பேருந்துகள் பெரும்பாலும் தலைநகரின் தெற்கேயுள்ள பண்டார் தாசேக் செலாத்தான் ஒருங்கிணைந்த முனையத்திலிருந்து புறப்படுவன. மலாக்காவுக்கு இரண்டு மணி நேரம். பதினைந்து ரிங்கிட் அளவில் ஆகும். பினாங்குக்கு ஐந்து மணி நேரம். நாற்பது ரிங்கிட் அளவில். பினாங்குக்கு மின்தொடர் வண்டியில் செல்வதையே நாம் பரிந்துரைப்போம். விலை சற்றுக் கூடுதலாயினும், பட்டர்வொர்த் நிலையத்தில் இறங்கிச் சில நிமிடம் நடந்தால் படகுத்துறை. இரண்டு ரிங்கிட் அளவிலான கட்டணத்தில் கடலைக் கடந்து ஜார்ஜ் டவுனில் இறங்கலாம். நம் முன்னோர் கண்ட கரையைக் கடல் வழியே அணுகுவதற்கு இனி எஞ்சியிருப்பது இக்குறும்பயணம் ஒன்றே.

விடுதிகள் பற்றிக் கூறப்புகின், கோலாலம்பூரில் பெட்டாலிங் வீதி, மஸ்ஜித் ஜாமெக் ஆகியவற்றின் சுற்றுப்புறமும், பினாங்கில் சூலியா வீதியும் காதல் சந்தும் மலிவான படுக்கைகளுக்குப் பெயர்போனவை. 'சூலியா' என்பது தென்னிந்திய முஸ்லிம் வணிகர்களைக் குறித்த பழைய பெயர். படுக்கை 30 முதல் 50 ரிங்கிட் வரை. வெளிநாட்டவர் தங்கும் அறைக்கு இரவொன்றுக்குப் பத்து ரிங்கிட் சுற்றுலா வரி 2017 செப்டம்பர் முதல் உண்டு. சில விடுதிகள் இதனைப் பதிவுத் தொகையில் சேர்க்காமல் வந்தபின் கேட்கும். முன்னரே கேட்டுத் தெளிக. முதல் இரவுக்கு மட்டும் விலை பாராமல் நல்ல விடுதியாக எடுத்துக்கொள்ளுதல் நம் வழக்கம். களைப்போடு இடம் தேடி அலைபவனையே ஏமாற்றுவோர் தேடுவர்.

பெண் பிள்ளைகளைத் தனியே அனுப்பலாமா என்று பெற்றோர் கேட்பர். தனியே என்பதைவிட இருவர் மூவராகச் செல்வதை நாமும் விரும்புவோம். ஆயின் அஞ்சத்தக்க நாடு அன்று என்பதைத் தெளிவாகச் சொல்லலாம். மகளிர் மட்டும் தங்கும் கூடங்கள் பெரும்பாலான விடுதிகளில் உள்ளன. புறநகர் இரயில்களில் மகளிர்க்கெனத் தனிப்பெட்டி 2010 முதல் உண்டு. தலையில் முக்காடிட்ட பெண்கள் தனியே ஊர்தி ஓட்டுவதும், கடை நடத்துவதும், நள்ளிரவில் உணவகத்தில் அமர்ந்து உண்பதும் அங்கு அன்றாடக் காட்சிகள். நம் மாணவியர் அந்நாட்டைப் பார்ப்பதால் விளையும் பயன், மாணவர் பார்ப்பதால் விளைவதைக் காட்டிலும் கூடுதல் என்பது நம் துணிபு. அவசர உதவிக்கு 999 என்னும் எண்ணை அழைக்கலாம்.

உணவு

இந்த ஒரு துறையில் மலேசியா ஏழைப் பயணியின் சொர்க்கம். 'மாமாக்' கடைகள் என்று அங்கு வழங்குவன தமிழ் முஸ்லிம்களின் உணவகங்களே. மாமா என்னும் நம் உறவுச்சொல்லே அப்பெயரில் ஒலிக்கிறது. பல கடைகள் இரவும் பகலும் திறந்திருக்கும். ஒரு 'ரொட்டி சானாய்', இரண்டு ரிங்கிட் அளவில். ஆற்றித் தரும் 'தே தாரிக்' தேநீரும் ஏறத்தாழ அதுவே. காலை உணவு ஐந்து ரிங்கிட்டுக்குள் முடிந்தது. தேங்காய்ப்பாலில் வெந்த சோற்றை நெத்திலியோடு மடித்துத் தரும் 'நாசி லெமாக்' பொட்டலம் அதனினும் மலிவு.

'நாசி கண்டார்' பற்றிச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். கண்டார் என்பது தோளில் சுமக்கும் காவுதடியைக் குறிக்கும் மலாய்ச் சொல். பினாங்குத் துறைமுகத் தொழிலாளர்களுக்குத் தடியின் ஒரு முனையில் சோறும் மறுமுனையில் குழம்பும் தொங்கவிட்டுச் சுமந்து விற்ற நம்மவர் உணவு அது. இன்று அந்நாட்டின் தேசிய உணவுகளுள் ஒன்றாக அனைத்து இனத்தாரும் வரிசையில் நின்று உண்கின்றனர். இதில் பயணி அறியவேண்டியது, விலை தட்டுக்கன்று, நாம் சுட்டும் ஒவ்வொரு பொருளுக்கும் என்பதே. சோறும் கோழியும் வெண்டைக்காயும் எனில் பத்துப் பன்னிரண்டு ரிங்கிட். பெரிய இறாலையோ மீன் தலையையோ சுட்டினால் தொகை மும்மடங்காகும். எழுதாத விலைக்குச் சுட்டுமுன் 'பெராப்பா' என்று கேட்டுவிடுக; எவ்வளவு என்பது பொருள். எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றச் சொல்வதற்குத் தனிக்கட்டணம் இல்லை, சுவையும் அதில்தான். சர்க்கரை வேண்டாதவர் 'கோசோங்' என்க.

மொழியைப் பற்றி இங்கேயே கூறிவிடலாம். மலாய் மொழியில் கடையைக் 'கெடாய்' என்பர், கப்பல் 'காப்பால்', கட்டில் 'காத்தில்', பெட்டி 'பெத்தி'. இவை தமிழிலிருந்து சென்றவை என்பது மொழியறிஞர் முடிவு. தமிழ்த்துறை மாணவர் ஒரு குறிப்பேட்டை உடன் கொண்டு சென்று இத்தகைய சொற்களை நாளும் எழுதி வருவாராயின், ஊர் திரும்பும்போது ஒரு கட்டுரைக்கு வேண்டிய பொருள் செலவின்றிச் சேர்ந்திருக்கும்.

எங்கே செல்வது

பத்து நாளில் நாடு முழுவதையும் பார்க்க முனைவது பேருந்தின் ஜன்னலைப் பார்ப்பதாகவே முடியும். கோலாலம்பூரில் மூன்று நாள், மலாக்காவில் ஒன்று அல்லது இரண்டு, பினாங்கில் நான்கு, எஞ்சிய நாள் கேமரன் மலைக்கோ கெடாவுக்கோ என வகுப்பது அளவானது.

மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் 2008 இல் உலகப் பாரம்பரிய நகரங்களாக யுனெஸ்கோவால் ஏற்கப்பட்டன. இரண்டும் நடந்தே பார்க்கத்தக்கவை. இரண்டிலும் காணத்தக்கவற்றுள் பெரும்பகுதிக்குக் கட்டணம் இல்லை. மலாக்காவில் 1748 இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசலின் கூரை மூன்றடுக்குக் கூம்பு. மினாராவோ சீனக் கோபுரத்தை நினைவூட்டும். அதே வீதியில் பொய்யாத விநாயகர் கோயிலும் சீனர்களின் செங் ஹூன் தெங் ஆலயமும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஜார்ஜ் டவுனில் 1801 இல் நிறுவப்பட்ட கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், தமிழ் முஸ்லிம் தலைவர் காதர் முகைதீன் பெயரோடு இணைந்தது. அருகிலேயே சூலியா வீதியில் நாகூர் ஆண்டகை நினைவாக எழுப்பிய சிறு தர்கா உள்ளது. எந்த வழிபாட்டிடத்திலும் தோளும் முழங்காலும் மறைந்த உடை வேண்டும். பள்ளிவாசல்களில் பார்வையாளர்க்கு அங்கி கொடுத்து உதவுவர்.

பினாங்கு மலைக்கு இழுவை இரயில் 1923 முதல் உண்டு. வெளிநாட்டவர்க்கு 30 ரிங்கிட் என்பது சிக்கனப் பயணிக்கு உறுத்தும் தொகை. தாவரவியல் பூங்காவிலிருந்து மலையுச்சிக்கு ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தார்ச்சாலை உண்டு. செங்குத்தானது, இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், விடியலில் தொடங்கினால் ஒரு காசும் இல்லாமல் ஏறிவிடலாம். பத்துமலைக்குப் புறநகர் இரயில் நேரே செல்கிறது. குகைக்கு ஏறும் 272 படிகளுக்கும் கட்டணம் இல்லை. கையில் தின்பண்டம் வைத்திருந்தால் குரங்குகள் பறித்துச் செல்லும்.

தமிழ் கற்போர் ஒரு நாளைக் கெடாவுக்கு ஒதுக்குவாராக. முதலாம் இராசேந்திரன் 1025 ஆம் ஆண்டளவில் வென்றதாகக் கல்வெட்டுகள் கூறும் கடாரம் இந்நிலமே. மெர்போக் என்னும் சிற்றூரில் புஜாங் பள்ளத்தாக்குத் தொல்லியல் அருங்காட்சியகம் உள்ளது. அகழ்ந்தெடுத்த கோயில் அடித்தளங்களை அங்கே பெயர்த்து அமைத்துள்ளனர். சுங்கை பட்டாணி வரை இரயிலிலோ பேருந்திலோ சென்று, அங்கிருந்து மூவர் நால்வர் சேர்ந்து ஊர்தி அமர்த்திக்கொண்டால் செலவு குறையும். கூட்டம் இராது.

நாட்கள் மிகுதியாக உள்ளோர் கெமாசிலிருந்து தும்பாட் வரை காட்டினூடே செல்லும் கிழக்குக் கரை இரயிலில் ஒரு பகல் பயணம் செய்யலாம். விரைவு என்பதே இல்லாத வண்டி. கட்டணமும் மிகக் குறைவு. 1931 இல் முற்றுப்பெற்ற இப்பாதையின் தண்டவாளங்களில் ஒரு பகுதியை, இரண்டாம் உலகப் போரின்போது சப்பானியர் பெயர்த்துச் சயாம் பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு சென்றனர். தோட்டங்களிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட தமிழர் எண்ணற்றோர் மாண்டது அப்பாதையில்தான்.

கேமரன் மலையில் தேயிலைத் தோட்டங்களிடையே நடப்பது இனிது. காட்டுப் பாதைகளில் தனியே செல்லலாகாது. தாய்லாந்துப் பட்டு வணிகத்தால் உலகப் புகழ் பெற்ற ஜிம் தாம்சன் 1967 மார்ச்சில் இம்மலையில் ஒரு பிற்பகல் உலாவச் சென்றவர். இன்றுவரை அவர் தடயம் கிடைக்கவில்லை. விடுதியில் சொல்லிவிட்டுச் செல்க.

மறக்கலாகாத இரண்டு

இதுகாறும் கூறியவற்றில் தவறினால் பணமே போகும். இனிக் கூறும் இரண்டில் தவறினால் வாழ்வே போகும்.

முதலாவது, பிறர் பொருளைச் சுமத்தல். விமான நிலையத்தில் அறிமுகமில்லாத ஒருவர், சுமை கூடிவிட்டது, இந்தப் பொட்டலத்தை மட்டும் கொண்டுவாருங்கள், அங்கே என் மச்சான் வந்து பெற்றுக்கொள்வார் என்பார். உச்சரிப்பு நம்மூராக இருக்கும், ஸலாம் சொல்வார், ஊர்ப் பெயரும் சொல்வார். திரும்பும்போதும் இவ்வாறே நேரும். இவ்வாறு பொருள் சுமப்போர்க்குக் 'குருவி' என்று பெயர் இருப்பதை அறியாதார் இல்லை. பொட்டலத்துள் துணி இருக்கலாம், தங்கம் இருக்கலாம், போதைப்பொருளும் இருக்கலாம். போதைப்பொருள் கடத்தலுக்கு மலேசியச் சட்டம் மரண தண்டனை வரை விதிக்கிறது. 2023 இல் அது கட்டாயத் தண்டனை என்னும் நிலை நீக்கப்பட்டு நீதிபதியின் முடிவுக்கு விடப்பட்டதேயன்றித் தண்டனை ஒழிக்கப்படவில்லை. எனக்குத் தெரியாது என்பதை மெய்ப்பிக்கும் சுமை பிடிபட்டவன் தலைமேல் விழும். ஆகவே மறுப்பதற்கு நாணவேண்டாம். அவர் உறவினராகவே இருந்தாலும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தபின் ஏற்றல் வேண்டும்.

இரண்டாவது, சுற்றுலாவாக நுழைந்து வேலையில் அமர்தல். முதலில் போய்ச் சேர், பின்னர் வேலை அனுமதி எடுத்துத் தருகிறேன் என்னும் முகவரின் சொல் பொய் என்றே கொள்க. சுற்றுலா அனுமதியில் வந்தவன் ஒரு நாள் கூட உழைத்து ஊதியம் பெறல் சட்டப்படி குற்றம். முப்பது நாள் கடந்து தங்கினால் பெரும் அபராதமும் சிறையும் உண்டு. அதனினும் கொடியது, கடவுச்சீட்டை முதலாளியிடம் கொடுத்துவிட்டுக் கூலியும் பெறாமல் ஊருக்கும் வர இயலாமல் மறைந்து வாழ்தல். 2022 முதல் தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துச் செல்லப்பட்டு மியான்மர் எல்லையில் இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டு மீட்கப்பட்டவர்களுள் தமிழ்நாட்டு இளைஞரும் இருந்தனர். வெளிநாட்டு வேலையை நாடுவோர் இந்திய அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் முகவரின் பதிவு எண்ணைச் சரிபார்த்த பின்னரே ஒரு ரூபாயேனும் கொடுத்தல் வேண்டும். நம் மாணவர் வேலைக்குச் செல்வதாயின் வேலைக்கு என்று செல்லட்டும். காணச் செல்வதாயின் காண்பதற்கென்று சென்று குறித்த நாளில் திரும்பட்டும். ஒன்றின் உடையில் மற்றொன்று போகலாகாது.

தொழுகையைப் பற்றிக் கவலை வேண்டா. பேருந்து முனையங்களிலும், நெடுஞ்சாலை ஓய்விடங்களிலும், வணிக வளாகங்களிலும், பெட்ரோல் நிலையங்களிலும் 'சூராவ்' எனப்படும் தொழுகையறை உண்டு. ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் தனித்தனி இடம், தூய நீர், பெண்டிர்க்குத் தொழுகை ஆடை ஆகியவையும் பெரும்பாலும் இருக்கும். நெடும்பயணத்தில் முகம் கழுவிச் சற்று இளைப்பாறவும் அதுவே நல்ல இடம். உணவகங்களில் புகைபிடிப்பது 2019 முதல் தடைசெய்யப்பட்டது. டுரியான் பழத்தை வாங்கிய இடத்திலேயே உண்டு முடித்தல் வேண்டும். விடுதிக்குள் கொண்டுவர விடமாட்டார்கள்.

திரும்பும் நாளில் கையிலுள்ள தாள்களை அங்கேயே மஸ்ஜித் இந்தியா வீதியில் ரூபாயாக மாற்றிக்கொள்ளலாம். விலை அங்கே நன்று. நாணயங்களை இங்கு எவரும் மாற்றித் தரார். அவற்றை எண்ணி வைத்துக்கொண்டு, விமான நிலையப் பேருந்து ஏறுமுன் ஒரு மாமாக் கடையில் அமர்ந்து இறுதித் தேநீருக்குக் கொடுத்துவிட்டு வரலாம்.